ரஃப் கட் கைக்கு வந்துவிட்டது: கருத்தை எந்த வழியில் சொல்வது?

மாணவர்களின் ஆவணப்படங்களுக்குக் கருத்துச் சொல்ல வேண்டியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், கையில் இரண்டு வாரம். வகுப்பில் போட்டுப் பார்த்துப் பேசலாமா, நிமிடம் விநாடி குறித்து எழுதிக் கொடுக்கலாமா, ஒவ்வொருவரோடும் எடிட்டிங் மேசையில் உட்காரலாமா, மதிப்பீட்டுத் தாளை நிரப்பினால் போதுமா?

கருத்தைக் கனிவாகச் சொல்வது பற்றி அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடுஞ்சொல்லால் கெட்ட மாணவர் படங்களைவிட, நல்ல கருத்து தப்பான கட்டத்தில் வந்து சேர்ந்ததால் கெட்டவை அதிகம். அமைப்பே உறுதியாகாத ரஃப் கட்டுக்கு, அதாவது படத்தின் முதல் வரைவுக்கு, முப்பது நேரக்குறிப்புகள் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் தூக்கிப் போட வேண்டிய காட்சியை மாணவர் இரண்டு நாள் உட்கார்ந்து மெருகேற்றிக்கொண்டிருப்பார். காட்சிகளில் இனி மாற்றமில்லை என்று முடிவான, அதாவது பிக்சர் லாக் ஆன படத்தைப் பார்த்து "ஆரம்பமே சரியில்லை" என்று சொன்னாலோ, அது சரியாகவே இருந்தாலும், அவரால் செய்யக்கூடியது வருந்துவது மட்டும்தான்.

## முதலில் அளவுகோல்கள்

இன்னும் எதை மாற்ற முடியும்? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி இது. எடுத்ததை வரிசையாகக் கோத்த அசெம்பிளியில் படத்தின் பொருளையே மாற்றலாம், மறுபடி படப்பிடிப்புக்கும் போகலாம். ரஃப் கட்டில் காட்சி வரிசை, யார் பேசுகிறார்கள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறோம் என்பவை கைக்குள் இருக்கும். அமைப்பு முடிவான பிறகு மெருகேற்றும் ஃபைன் கட்டில் ஷாட்டின் நீளம், வெட்டும் இடம், குரலும் காட்சியும் சேரும் விதம். பிக்சர் லாக்குக்குப் பிறகு ஒலி, வண்ணம், துணைத்தலைப்பு, பெயர் அட்டை. அவ்வளவுதான்.

படம் யார் கையில் இருக்கிறது? கருத்துச் சொல்லி முடித்த பிறகு மாணவர் "நான் என்ன செய்யப் போகிறேன்" என்று சொல்கிறாரா, "நீங்கள் சொன்னதைச் செய்துவிடுகிறேன்" என்று சொல்கிறாரா? இரண்டாவது பதில் வந்தால், சொன்ன கருத்து எவ்வளவு சரியானதாக இருந்தாலும், சொன்ன வழியில் கோளாறு.

உங்கள் நேரம். படத்தின் நீளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பார்ப்பது, எழுதுவது, மாணவர் திரும்பி வந்து கேட்கும் சந்தேகம் எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான கணக்கு.

என்ன தங்குகிறது? பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும். ஆனால் நிற்பதெல்லாம் நல்லதில்லை.

படத்தில் இருப்பவர்கள். கதைப்படத்துக்கு இல்லாத அளவுகோல் இது. ஆவணப்படத்தில் வருபவர் நடிகர் இல்லை. படம் முடிந்த பிறகும் அதே தெருவில், அதே வேலையில் இருக்கப்போகிறவர். ரஃப் கட்டை யாருக்குக் காட்டுகிறோம், இணைப்பு எங்கெல்லாம் போகிறது என்பது அவரைப் பாதிக்கலாம். இதற்கு இடம் தராத எந்த வழியும் குறையுள்ளது.

| வழி | பொருந்தும் கட்டம் | 10 நிமிடப் படத்துக்கு உங்கள் நேரம் | எதை நன்றாகக் காட்டும் | கண்ணுக்குத் தெரியாத விலை |
|---|---|---|---|---|
| கூட்டுத் திரையிடல் | ரஃப் கட் | சுமார் 40 நிமிடம் | புரிகிறதா, எங்கே சலிக்கிறது | முதல் பார்வையுள்ள பார்வையாளர்கள் தீர்ந்துபோவது |
| நேரக்குறிப்போடு எழுத்து | ஃபைன் கட் | 60 முதல் 75 நிமிடம் | ஷாட், வெட்டு, ஒலி, தகவல் பிழை | மாணவர் அதை வேலைப் பட்டியலாக எடுத்துக்கொள்வது |
| எடிட்டிங் மேசையில் அருகருகே | அசெம்பிளி, சிக்கிய ரஃப் கட் | 60 முதல் 70 நிமிடம் | அமைப்பு, பயன்படுத்தாத காட்சிகள் | படம் உங்களுடையதாகிவிடுவது |
| லெர்மனின் நான்கு படிகள் (விளக்கம் பின்னால்) | ரஃப் கட், தனிப்பட்ட கதைகள் | 60 நிமிடம் | மாணவரின் நோக்கம், அவர் எடுத்த முடிவுகள் | நடத்துபவருக்குப் பயிற்சி வேண்டும். அவசரமான பிழை தாமதமாகும் |
| மதிப்பீட்டுத் தாள் | படப்பிடிப்புக்கு முன்பும் இறுதியிலும் | 25 நிமிடம் | எதிர்பார்ப்பு, ஒரே அளவில் ஒப்பிடுவது | எல்லாப் படங்களும் ஒரே மாதிரி ஆவது |

## கூட்டுத் திரையிடல்

ஒரே ஒரு வழிக்குத்தான் நேரம் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள், ரஃப் கட் கட்டத்தில். காரணம் எளிமையானது. மாணவர் அந்த ஃபுட்டேஜை, எடுத்த காட்சிகளை, நூறு தடவை பார்த்திருக்கிறார். பேட்டி கொடுத்தவரின் அண்ணன் யார், அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். படத்தில் அது இல்லை என்பதுதான் தெரியாது. தெரியாதவர்கள் பத்துப் பேரோடு சேர்ந்து பார்க்கும்போது, யாரும் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி விளங்கிவிடும்.

ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். அவர்களில் இரண்டு மூன்று பேராவது அந்தப் படத்தைப் பற்றி எதுவும் கேள்விப்படாதவர்களாக இருக்க வேண்டும். திரையிடலுக்கு முன் மாணவர் முன்னுரை பேசக் கூடாது. படம் வெளியே போகும்போது அவர் கூடவே போக மாட்டார். இன்னும் எடுக்காத காட்சிக்குக் கறுப்புத் திரையில் "இங்கே சந்தைக் காட்சி, 40 விநாடி" என்று ஓர் அட்டை போட்டால் போதும். பின்னணிக் குரலைத் தொலைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பேட்டிக் குரல் கேட்க வேண்டும். உச்சங்கள் −12 முதல் −6 டெசிபெலுக்குள் வரும்படி குரலை ஏற்றி, தற்காலிக இசையை எடுத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்காத பேட்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. தற்காலிக இசையோ சொல்லாத உணர்ச்சியைச் சொன்னதாகக் காட்டிக் கண்ணை மறைக்கும்.

படம் ஓடும்போது திரையைப் பார்க்காதீர்கள். நீங்கள் முன்பே ஒரு தடவை பார்த்திருப்பீர்கள்; இப்போது பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களைப் பாருங்கள். எப்போது நாற்காலியில் அசைகிறார்கள், எப்போது தொலைபேசி வெளியே வருகிறது, எந்த இடத்தில் சிரிப்பு எழவில்லை என்று நேரத்தைக் குறியுங்கள். "நன்றாக இருந்தது" என்று பிறகு சொல்லப்போகிறவரின் முதுகு ஐந்தாவது நிமிடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கும்.

விளக்குப் போட்டதும் பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் பேசுபவர் எந்தப் பக்கம் இழுக்கிறாரோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களும் போவார்கள். அதனால் மூன்று நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதட்டும், மூன்றே கேள்விகளுக்கு: படம் எதைப் பற்றியது, ஒரே வரியில்; எந்த இடத்தில் வழி தவறினீர்கள்; யாரைப் பற்றி, எதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றியது? பிறகு ஒவ்வொருவராக வாசிக்கட்டும். பத்துப் பேரில் ஏழு பேர் முதல் கேள்விக்கு ஏழு விதமாக எழுதியிருந்தால், அன்றைக்கு வேறு எதைப் பற்றியும் பேசத் தேவையில்லை. முதல் பத்து நிமிடம் மாணவர் பதில் சொல்லக் கூடாது, குறித்துக்கொள்ள மட்டும் வேண்டும். பதில் சொல்லத் தொடங்கினால், படத்துக்குள் இல்லாததை வாயால் நிரப்பிவிடுவார். அதோடு எல்லோருக்கும் புரிந்துவிடும், குறையும் மறைந்துவிடும். ஆசிரியர் கடைசியில் பேச வேண்டும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு, பார்வையாளர்கள் பிரச்சினையைச் சொல்லாமல் தீர்வைச் சொல்வது. "அந்த முதியவரின் பேட்டியை முன்னால் கொண்டுவாருங்கள்" என்பார் ஒருவர். "எந்த இடத்தில் அவர் இல்லையே என்று தோன்றியது?" என்று திருப்பிக் கேளுங்கள். "மூன்றாவது நிமிடம் வரை யார் கதை என்றே தெரியவில்லை" என்று பதில் வரும். கருத்து இதுதான். இதற்குப் பேட்டியை முன்னால் கொண்டுவருவது ஒரு தீர்வு, ஒரே தீர்வு இல்லை.

இந்த வழியின் உண்மையான விலையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பார்வையாளருக்கு முதல் பார்வை ஒன்றே ஒன்றுதான். ரஃப் கட்டுக்கே வகுப்பு முழுவதையும் உட்கார வைத்துவிட்டால், ஃபைன் கட்டுக்கு அந்தப் படம் தெரியாத கண்கள் மிஞ்சாது. பழைய வடிவத்தை ஞாபகம் வைத்திருப்பவர்கள், இப்போது வெட்டிவிட்ட தகவலையும் தங்கள் தலைக்குள்ளிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டு "தெளிவாக இருக்கிறது" என்பார்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு பாதி ரஃப் கட்டுக்கு, மறு பாதி ஃபைன் கட்டுக்கு. ஒரே அமர்வில் மூன்று படங்களுக்கு மேல் போடாதீர்கள். நாலாவது படத்துக்குக் கிடைப்பது கருத்தாக இராது, களைப்பாக இருக்கும்.

ஏற்கனவே கோஷ்டி பிரிந்திருக்கும் வகுப்பில் இது சரிவராது. படத்தில் வருபவர் வகுப்பில் யாருக்காவது தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம்.

## நேரக்குறிப்போடு எழுத்துக் கருத்து

ஃபைன் கட்டுக்கு இதைவிடக் கூர்மையான கருவி இல்லை. ரஃப் கட்டுக்கு இதைவிடத் தொந்தரவானதும் இல்லை.

முதல் பார்வையில் பேனாவைக் கீழே வையுங்கள், படத்தை நிறுத்தாதீர்கள். முடிந்ததும் இரண்டு வரி: படம் என்ன செய்ய முயல்கிறது, எங்கே அது நடந்தது. இரண்டாவது பார்வையில்தான் குறிப்புகள். முதல் தடவையே நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் படத்தின் தாளம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. "மெதுவாகப் போகிறது" என்று நீங்கள் எழுதுவது உங்கள் இடைநிறுத்தத்தைப் பற்றியதாக இருக்கும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். "02:14 ஷாட் நீளம்" என்று எழுதினால் மாணவர் இரண்டு விநாடி வெட்டிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "02:14–02:31. அவர் பேசி முடித்த பிறகு 17 விநாடி முகத்திலேயே நிற்கிறோம். முதல் ஆறு விநாடியில் துக்கம் வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு நான் அவரை விட்டுவிட்டுக் கேமராவைக் கவனிக்கிறேன். இங்கே எதற்காகக் காத்திருக்கிறோம்?" நேரம், பார்த்தது, அது உங்களை என்ன செய்தது, ஒரு கேள்வி. தீர்வு இல்லை. ஒருவேளை அந்த 17 விநாடிக்கு நியாயம் இருக்கலாம். அதற்கு முந்தைய ஷாட்தான் தவறாக இருக்கலாம்.

பத்து நிமிடப் படத்துக்குப் பதினைந்திலிருந்து இருபது குறிப்புகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஓர் அடையாளம் போடுங்கள்: "கட்டாயம்" (தகவல் பிழை, தப்பாக எழுதிய பெயர், ஒப்புதல் இல்லாத முகம்), "யோசி", "என் ருசி". இந்தப் பிரிவு இல்லாவிட்டால், தவறான ஊர்ப் பெயரும் உங்களுக்குப் பிடிக்காத நீல வண்ணமும் ஒரே எடையில் போய்ச் சேரும். மாணவர் சுலபமானவற்றை எல்லாம் முடித்துவிட்டு, "இருபதில் பதினேழு முடிந்தது" என்று நிம்மதியாக வந்து நிற்பார். மிச்சமிருக்கும் மூன்றில்தான் படம் இருக்கும்.

தொழில்நுட்பத்தில் கோளாறு வரும் இடங்கள் சில:

- டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் டைம்லைன் (காட்சிகளை அடுக்கும் நேரக்கோடு) வழக்கமாக 01:00:00:00 என்று தொடங்கும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை சாதாரண பிளேயரில் போட்டால் 00:00 என்று தொடங்கும். நீங்கள் "04:20" என்று எழுதியது மாணவரின் டைம்லைனில் 01:04:20. இது தெரியாமல் குழம்புகிறவர்கள் ஏராளம்.
- மாணவர் முதல் நிமிடத்தில் எட்டு விநாடியை வெட்டிய அந்தக் கணமே உங்கள் குறிப்புகள் எல்லாம் எட்டு விநாடி தள்ளிப் போய்விடும். கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். டைம்கோடை (ஓடும் நேர எண்ணை) படத்தின் மேலேயே பொறித்து எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லுங்கள். குறிப்புகளைப் படத்தின் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கித் திருத்தி வந்தால் இந்தத் தள்ளல் தொந்தரவு செய்யாது.
- யூடியூபில் பட்டியலிடாத இணைப்பு என்பது யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். தனிப்பட்டது என்று வைத்தால் அழைத்தவர்கள் மட்டும் பார்க்கலாம், ஆனால் அங்கே கருத்து எழுத முடியாது. ஃப்ரேம்.ஐஓ போன்ற பரிசீலனைத் தளங்கள் நேரத்தோடு கருத்தை ஒட்டித் தரும். எதுவாக இருந்தாலும், நுட்பமான விஷயம் பேசும் படத்துக்குக் கடவுச்சொல் இல்லாத இணைப்பு கூடாது.
- மடிக்கணினியின் ஸ்பீக்கரில் கேட்டு ஒலியைப் பற்றி எழுதாதீர்கள். மின்சார இரைச்சலின் அடிநாதம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் இருக்கும். அந்த ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய வராது. அரங்கில் போட்டால் படம் முழுக்க முனகும். ஹெட்ஃபோன் கட்டாயம்.

இரண்டு ஆசிரியர்கள் ஒரே படத்துக்கு எழுதினால், மாணவரிடம் போவதற்கு முன் ஒருவர் இரண்டையும் கோக்க வேண்டும். "இசையைக் குறை", "இசை போதவில்லை" என்ற இரண்டும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தால், அந்த மாணவர் அதற்குப் பிறகு இருவரையும் நம்ப மாட்டார். அதில் தப்பும் இல்லை.

எழுத்துக்குக் குரல் இல்லை என்பதால் சுருக்கமான வரி திட்டுவதுபோல் தொனிக்கும். இதற்காகச் சிலர் ஐந்து முதல் எட்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறார்கள். தொனி போய்ச் சேரும், எழுதும் நேரமும் மிச்சம். ஆனால் தேடிப் பார்க்க முடியாது. அனுப்பினால், கேட்டு முடித்து மாணவரே ஐந்து வரியில் எழுதித் திருப்பி அனுப்பட்டும். எதைத் தப்பாகக் கேட்டார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

## எடிட்டிங் மேசையில் அருகருகே

படம் சிக்கிக்கொண்டால் இதுதான் மருந்து. நாற்பது மணி நேர ஃபுட்டேஜ், எல்லாமே முக்கியம் என்று தோன்றுகிறது, எதை விடுவது என்று தெரியவில்லை. இந்த நிலைமைக்குக் கூட்டுத் திரையிடல் உதவாது. காட்டுவதற்கு இன்னும் படமே இல்லையே.

ஒரே விதி, மீறவே கூடாத விதி: மௌஸ் உங்கள் கையில் இருக்கக் கூடாது. "ஒரு நிமிடம், நான் காட்டுகிறேன்" என்று கையை நீட்டிய விநாடியில் மாணவர் பார்வையாளராகிவிடுவார். நீங்கள் வெட்டிய அந்த இடம் படத்திலேயே நேர்த்தியாகவும் இருக்கும், மற்ற இடங்களோடு ஒட்டாமலும் இருக்கும். தொடுவதற்கு முன் டைம்லைனை நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழையதற்குத் திரும்பலாம் என்று தெரிந்தால்தான் தைரியமாக வெட்டிப் பார்ப்பார்.

அமைப்புச் சிக்கலுக்குக் கணினியை விடக் காகிதம் வேகமானது. காட்சிக்கு ஓர் அட்டை: என்ன நடக்கிறது, யார் இருக்கிறார்கள், எத்தனை விநாடி, பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது. இந்தக் கடைசி வரியை நிரப்ப முடியாத அட்டை எதுவோ, அதுதான் வெளியே போக வேண்டிய காட்சி. நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாமல் பேனா நிற்கும்போது மாணவருக்கே தெரியும். அட்டைகளை மேசையில் பரப்பி மூன்று வேறு வரிசைகளில் அடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசை அவரை யோசிக்க வைக்கும். முதல் இரண்டும் ஏற்கனவே தலையில் இருந்தவை.

பிறகு ஒரு கேள்வி: "எடுத்ததில் எதை விட்டுவிட்டீர்கள்?" மாணவர்கள் பொதுவாகப் பேட்டியின் நேர்த்தியான பதில்களை வைத்துக்கொண்டு, பேட்டி தொடங்கும் முன்பு மைக் மாட்டும்போது அவர் சிரித்ததையும், முடிந்த பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தியதையும் வெட்டிவிடுவார்கள். கேமரா அணையவில்லை என்றால் பொக்கிஷம் அங்கேதான் இருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். முடிவில் மாணவர் தான் எடுத்த மூன்று முடிவுகளை வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொள்ளட்டும். எழுதவில்லை என்றால் அறையை விட்டு வெளியே போனதும் உங்கள் வார்த்தைகள் மட்டும் அவர் நினைவில் நிற்கும், அவருடைய முடிவு நிற்காது.

இந்த வழியில் மற்ற மாணவர்கள் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. அது ஒரு செலவு. சார்ந்திருக்கும் பழக்கம் அதைவிடப் பெரிய செலவு. ஒரே மாணவர் நாலாவது முறையாக வந்து "இந்த வெட்டுச் சரியா?" என்று கேட்டால், அடுத்த அமர்வைக் கொடுக்காதீர்கள், கூட்டுத் திரையிடலுக்கு அனுப்புங்கள்.

## லெர்மனின் நான்கு படிகள்

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய முறை இது. நடனத்துக்காகத் தொடங்கியது, இப்போது எல்லாக் கலைகளிலும் பயன்படுகிறது. படைத்தவர், பார்த்தவர்கள், நடத்துபவர் என்று மூன்று பாத்திரங்கள். முதல் படியில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனதில் நின்றது, எது அர்த்தமுள்ளதாகப் பட்டது என்று சொல்கிறார்கள். இரண்டாவதில் படைத்தவர் கேட்கிறார். மூன்றாவதில் பார்த்தவர்கள் கேட்கிறார்கள், ஆனால் கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. நாலாவதில்தான் அபிப்பிராயம், அதுவும் "இசையைப் பற்றி ஒன்று சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டு. வேண்டாம் என்று சொல்லப் படைத்தவருக்கு உரிமை உண்டு.

கஷ்டம் மூன்றாவது படியில். "ஏன் இவ்வளவு இசை?" என்பது கேள்வி வேஷம் போட்ட புகார். "இசை வரும் இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்பது கேள்வி. முதல் இரண்டு அமர்வுகளில் பாதிக் கேள்விகளை நடத்துபவர் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், வகுப்பு எரிச்சலடையும். மூன்றாவதில் பழகிவிடும்.

தன் குடும்பத்தைப் பற்றிப் படம் எடுத்தவருக்கு இது சரியான வழி. முந்தைய அமர்வில் யாரோ கொட்டிய சொல்லால் மௌனமாகிவிட்ட வகுப்புக்கும், படம் எதைப் பற்றியது என்று இயக்குநருக்கே இன்னும் தெரியாத நிலைக்கும்கூட. "தேதி தப்பு", "இந்தச் சிறுவனின் முகத்தைக் காட்டலாமா?" என்பவற்றுக்குச் சரிவராது. அனுமதி கேட்டுக் காத்திருக்கக் கூடிய விஷயங்கள் இல்லை அவை.

## மதிப்பீட்டுத் தாள்

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும், பல ஆசிரியர்கள் ஒரே அளவில் மதிப்பிட வேண்டும் என்றால் தவிர்க்க முடியாது. அதைக் கருத்துச் சொல்லும் வழியாக நினைப்பதுதான் பிழை. தாளுக்கு மிகவும் பயனுள்ள நேரம் படப்பிடிப்புக்கு முன்பு. என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அப்போதே கையில் கொடுத்தால் பாதிச் சண்டை குறையும்.

ஆறு வரிசைகளுக்கு மேல் வேண்டாம். "பின்னணிக் குரல் தெளிவு" என்று ஒரு வரிசை இருந்தால், பின்னணிக் குரலே இல்லாமல் நடப்பதைக் கவனித்துக் காட்டும் படம் அங்கே பூஜ்யம் வாங்கும். மறு வருடம் எல்லோரும் பின்னணிக் குரலோடு வருவார்கள். ஒவ்வொரு வரிசையையும் மாணவர் முதலில் எழுதிக் கொடுத்த திட்டத்தோடு கட்டுங்கள்: "தேர்ந்தெடுத்த அணுகுமுறைக்கு ஒலி எப்படி உதவுகிறது?"

எண்ணையும் கருத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பள்ளி மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. திரைப்பட வகுப்பில் நடந்ததில்லை அது, ஆனாலும் எண்ணைப் பார்த்ததும் கண் வேறு எங்கும் போகாது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். கருத்து முதலில், எண் ஒரு வாரம் கழித்து.

## எந்த வழியிலும் காத்திருக்கக் கூடாதவை

சில விஷயங்களை வகுப்பிலும் பேசக் கூடாது, அடுத்த அமர்வு வரை தள்ளவும் கூடாது. தனியாகக் கூப்பிட்டு அன்றைக்கே சொல்ல வேண்டும்.

ஒப்புதல் முதலாவது. கையெழுத்து வாங்கியது மட்டும் போதாது. படம் எங்கெல்லாம் போகும் என்று தெரிந்துதான் அவர் சம்மதித்தாரா? முகத்தை மங்கலாக்கிவிட்டு, பின்னால் சுவரில் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் தெரிய விட்டிருப்பதைக் கவனியுங்கள். குரலாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது, ஒட்டுப்போட்ட வாக்கியம். பேட்டி கொடுத்தவர் இரண்டு வேறு கேள்விகளுக்குச் சொன்னதை ஒரே வாக்கியமாக ஒட்டி, ஒட்டு தெரியாமலிருக்க மேலே வேறு காட்சியைப் போடுவது. நீளத்தைக் குறைக்க ஒட்டுவது எல்லோரும் செய்வது. பொருள் மாறினால்தான் குற்றம். வாக்கியத்தின் நடுவில் காரணமில்லாமல் காட்சி மாறுவது, மூச்சு பாதியில் அறுவது, குரலின் சுருதி திடீரென்று இறங்குவது இவைதான் தடயங்கள். சந்தேகம் வந்தால் வெட்டாத பேட்டியைப் போடச் சொல்லிக் கேளுங்கள். "நீ ஏமாற்றியிருக்கிறாய்" என்று தொடங்காதீர்கள். "இதை அவர் பார்த்தால், நான் சொன்னது இதுதான் என்பாரா?" என்று கேட்டால் போதும்.

## நேரக் கணக்கு

பன்னிரண்டு படங்களுக்கு மொத்தம் 10 மணி நேரம்தான் இருக்கிறது என்றால்: ரஃப் கட்டில் கூட்டுத் திரையிடல், படத்துக்கு 40 நிமிடம் வீதம் 8 மணி நேரம். அமர்வுக்கு மூன்று படம் என்று நாலு அமர்வு. மிச்சம் 2 மணி நேரத்தில் ஃபைன் கட்டுக்கு ஒவ்வொருவரோடும் 10 நிமிடப் பேச்சு, "கட்டாயம்" வகைக் குறிப்புகள் மட்டும்.

20 மணி நேரம் இருந்தால்: அதே 8 மணி நேரத் திரையிடல், அதில் சிக்கியிருப்பதாகத் தெரிந்த நாலு படங்களுக்கு மேசையில் ஆளுக்கு ஒரு மணி நேரம், பிறகு பன்னிரண்டுக்கும் ஃபைன் கட்டில் 40 நிமிட எழுத்துக் கருத்து, படத்துக்குப் பத்துக் குறிப்புகளுக்கு மிகாமல். கச்சிதமாக 20 வருகிறது. சந்தேகம் கேட்டு வருபவர்களுக்கு இதில் இடமில்லை என்பதால் குறிப்புகளை எட்டாகக் குறைப்பதே நல்லது.

நாலு பேர் சேர்ந்து எடுத்த படத்தில், இயக்குநரிடம் மட்டும் பேசினால் எடிட்டர் கருத்தைக் கைமாறிக் கேட்பார். கைமாறும்போது "யோசி" எல்லாம் "கட்டாயம்" ஆகிவிடும். எடிட்டரும் ஒலிப்பதிவாளரும் அறையில் இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாத மொழியில் எடுத்த படம் என்றால், துணைத்தலைப்பு இல்லாத வடிவத்தை முதலில் ஒரு தடவை பாருங்கள். யார் முகத்தை நம்புகிறீர்கள், எங்கே சலிக்கிறது என்று சொற்களின் துணையில்லாமல் தெரியும். பிறகு துணைத்தலைப்போடு பார்க்கும்போது, இரண்டு வரி நிறைய எழுத்து ஒரு விநாடியில் மறைகிறதா என்றும் கவனியுங்கள். இதைப் பிக்சர் லாக்குக்குப் பிறகும் திருத்தலாம்.